பனி விலகிய பின் கோல்ஃப் புல்தரை: வசந்தத்துக்குள் மீட்டெடுப்பது எப்படி

பனி உருகி முடிந்ததும் கோல்ஃப் மைதானம் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும். பழுப்பு, வைக்கோல் மஞ்சள், நடுவில் ஆங்காங்கே சாம்பல் வட்டங்கள். இதில் எது உறங்குகிறது, எது செத்துவிட்டது என்று தூரத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். எல்லாமே போய்விட்டது என்று பயந்து மண் குளிர்ந்து கிடக்கும்போதே விதையைக் கொட்டுவார்கள். அல்லது தானாகப் பச்சை வந்துவிடும் என்று நம்பி, விதைக்க வேண்டிய வாரங்களைக் கோட்டை விடுவார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மண்ணுக்குள் குத்திப் பார்க்கும் ஒரு வெப்பமானி. நாட்காட்டியைப் பார்த்து வேலையைத் தொடங்காதீர்கள். 5 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் என்ன என்பதைத் தினமும் காலை ஒரே நேரத்தில், ஒரே இடங்களில் குறித்து வாருங்கள். கீழே வரும் ஒவ்வொரு வேலைக்கும் அந்த எண்தான் அனுமதிச் சீட்டு.

எந்தப் புல் எங்கே இருக்கிறது

முதலில் உங்கள் மைதானத்தில் என்ன புல் இருக்கிறது என்று தெரிய வேண்டும். குளிர்ப் பகுதி மைதானங்களில் கிரீன்களில் (குழி இருக்கும், மிகக் குட்டையாக வெட்டிய பரப்பு) பெரும்பாலும் பென்ட் புல்லும், அழையா விருந்தாளியாக போவா அன்னுவா என்ற களைப்புல்லும் கலந்திருக்கும். டீயிலும் (முதல் அடி அடிக்கும் மேடை) ஃபேர்வேயிலும் (டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வெளி) பென்ட், ரை, கென்டக்கி புளூகிராஸ் ஆகிய புற்கள். வெப்பப் பகுதிகளில் அருகம்புல் இனமான பெர்முடா. அதற்குக் கணக்கே வேறு, கடைசியில் பார்ப்போம்.

போவா அன்னுவாவும் பென்ட்டும் குளிரைத் தாங்குவதில் ஒன்றல்ல. போவா குளிர்கால முடிவில் இரண்டு நாள் வெயில் அடித்தாலே விழித்துக்கொள்ளும். விழித்த புல்லுக்குக் குளிர் தாங்கும் திறன் குறைந்துவிடும். அடுத்து வரும் உறைபனியில் அதுதான் முதலில் சாகும். ஒரே கிரீனில் பச்சைத் திட்டும் பழுப்புத் திட்டும் அடுத்தடுத்து இருந்தால், பழுப்பு பெரும்பாலும் போவாவாகத்தான் இருக்கும்.

பனி இருக்கும்போதே

வசந்த வேலை பனி உருகுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பொதுவாகப் பனிப்போர்வை புல்லுக்கு நல்லது. காற்றிலிருந்தும் கடுங்குளிரிலிருந்தும் அது காக்கிறது. ஆபத்து பனியில் இல்லை, பனிக்கட்டியில் இருக்கிறது. உருகி மறுபடி உறைந்து, கண்ணாடிப் பாளமாகக் கிரீனை மூடிக்கொள்ளும் கட்டிக்கு அடியில் காற்று போகாது. புல் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜன் தீர்ந்து, நச்சு வாயுக்கள் சேரும். போவா அன்னுவா இப்படி 45 முதல் 60 நாள் வரை தாங்கும். அதைத் தாண்டினால் சாவு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பென்ட் 90 நாளுக்கும் மேல், சில சமயம் 120 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே கட்டி உருவான தேதியை ஒவ்வொரு கிரீனுக்கும் எழுதி வைப்பது அவசியம்.

போவா அதிகமுள்ள கிரீனில் நாள் எண்ணிக்கை 40-ஐ நெருங்கினால் கட்டியை உடைக்கும் யோசனைக்கு வரலாம். மேலே பனி கிடந்தால் இயந்திரத்தால் அள்ளுங்கள். ஆனால் கடைசி 5 செ.மீ. பனியை விட்டுவிடுங்கள், பிளேடு புல்லைத் தொடக் கூடாது. பிறகு கருப்பு மணலை மெல்லியதாகத் தூவினால் வெயிலை இழுத்துக் கட்டியை உருக்கும். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ போதும். கட்டியின் வெண்மை இடையிடையே தெரிய வேண்டும். கனமாகப் போட்டால் அதுவே கட்டிக்குப் போர்வையாகிவிடும். வெயில் இல்லாத நாளில் இந்த வேலையில் பயனில்லை.

கட்டி உடையும்போது புளித்த, அழுகிய நாற்றம் குப்பென்று வந்தால் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் இழப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

உருகிய நீர் போக வழி செய்வது அதைவிட முக்கியம். கிரீனின் தாழ்வான ஓரத்தில் பனிக்குவியல் அணைபோல நின்றால் நீர் பின்னால் தேங்கி இரவில் உறையும். மண்வெட்டியால் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, நீரைக் கிரீனுக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். இந்த அரை மணி நேர வேலை காப்பாற்றும் புல்லை அப்புறம் எவ்வளவு விதை போட்டாலும் எளிதில் ஈடுகட்ட முடியாது.

உயிர் இருக்கிறதா: சோதனைக் கட்டி

குழி வெட்டும் கப் கட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 108 மி.மீ. சந்தேகமுள்ள ஒவ்வொரு கிரீனிலும் குறைந்தது மூன்று இடம்: மேடு, தாழ்வு, நிழல். 7 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குப் புல்லும் மண்ணும் சேர்ந்த கட்டியை எடுங்கள். தரை உறைந்திருந்தால் உளியும் சுத்தியலும் தேவைப்படும். ஒவ்வொன்றிலும் கிரீன் எண், இடம், தேதி எழுதி ஒட்டுங்கள். ஒட்டாத கட்டிகள் மேசைக்கு வந்ததும் எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

எடுத்ததும் நேராகச் சூடான அறையில் வைக்காதீர்கள். ஒரு நாள் குளிர்ந்த, உறையாத இடத்தில் வைத்து மெதுவாக இளக விடுங்கள். பிறகு வெளிச்சமுள்ள ஜன்னலோரம், 18 முதல் 22 டிகிரி வெப்பத்தில், ஈரம் காயாமல் வையுங்கள். 7 முதல் 10 நாளில் உயிருள்ள புல் பச்சை காட்டும். இரண்டு வாரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்றால் அது போய்விட்டது.

பச்சை வருகிறது என்பதோடு நிறுத்தாமல் எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். கட்டியின் பரப்பில் முக்கால்வாசி பச்சை என்றால் அந்த இடம் பராமரிப்பிலேயே மீளும். பாதிக்குக் கீழே என்றால் விதை வேண்டும். பத்தில் ஒன்றுகூட இல்லை என்றால் புல்பாளம் (வேரும் மண்ணுமாக வெட்டியெடுத்த புல் துண்டு) பதிப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டு வாரம் காத்திருக்க முடியாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. ஒரு புல்லை வேரோடு பிடுங்கிக் கழுவுங்கள். இலைக்கும் வேருக்கும் நடுவே, மண்மட்டத்தில் தடித்த சிறு கணு இருக்கும். புல்லின் உயிர் அதில்தான். இதைக் குருத்தடி என்று சொல்லலாம். கூர்மையான பிளேடால் நீளவாக்கில் பிளந்து, உருப்பெருக்கியில் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, நசுக்கினால் குழைந்தால் செத்துவிட்டது. இலை முழுக்கப் பழுப்பாக இருந்தும் குருத்தடி வெள்ளையாக இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட புல்லைச் செத்ததாக எண்ணிச் சுரண்டி எடுப்பது வசந்தத்தில் நடக்கும் வீண் வேலைகளில் முதலிடம் பிடிக்கும்.

எதனால் செத்தது

காரணம் தெரியாமல் விதைத்தால் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் விதைப்பீர்கள். சாவு எந்த வடிவத்தில் விழுந்திருக்கிறது என்பதே பாதி விடை.

தாழ்வான இடங்களிலும் நீர் வடியும் தடங்களிலும் மட்டும் புல் போயிருந்தால், குருத்தடியில் நீர் ஏறி உறைந்ததுதான் காரணம். குளிர்காலக் கடைசியில் பகலில் உருகும் நீரைக் குருத்தடி உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் வெப்பம் சட்டென இறங்கும்போது அந்த நீர் பனிப்படிகமாகி உயிரணுக்களைக் கிழிக்கிறது. இதற்கு மருந்து புட்டியில் இல்லை. வடிகாலைச் சரிசெய்வதும், நிழல் தரும் மரத்தை வெட்டுவதும்தான் தீர்வு.

மேடுகளிலும், காற்று அடிக்கும் முனைகளிலும், வெயில் நேராக விழும் சரிவுகளிலும் வெளிறிக் காய்ந்திருந்தால் அது வறட்சி. மண் உறைந்திருக்கையில் வேர் நீர் எடுக்க முடியாது; காற்றோ இலையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட இடங்களுக்கு முன்குளிர்காலத்திலேயே கனமாக மணல் போட்டிருக்கலாம், போர்வை போட்டிருக்கலாம். இப்போது செய்யக்கூடியது, மண் இளகியதும் முதல் நீரை அங்கே கொடுப்பது.

வட்ட வட்டமான திட்டுகள் என்றால் பனிப்பூஞ்சணம். சாம்பல் பனிப்பூஞ்சணத்துக்கு நீண்ட நாள், சுமார் இரண்டு மாதம், பனிப்போர்வை தேவை. இலைகள் ஒட்டிப் பாய்போலக் கிடக்கும்; அவற்றில் கடுகளவு பழுப்பு, கருப்பு உருண்டைகள் தெரியும். பார்க்கப் பயங்கரம், ஆனால் இது பெரும்பாலும் குருத்தடியை விட்டுவிடும். கிளறிவிட்டால் புல் தானே வரும். பனி போன பிறகு இதற்குப் பூஞ்சணக்கொல்லி அடிப்பது காசுக்குக் கேடு. இளஞ்சிவப்புப் பனிப்பூஞ்சணம் அப்படியல்ல. அதற்குப் பனியே தேவையில்லை. குளிரும் ஈரமும் இருந்தால் போதும். உருண்டைகள் இருக்காது, வட்டத்தின் ஓரம் செம்பழுப்பாக இருக்கும், குருத்தடியையும் தின்னும். வசந்தம் ஈரமாகவும் குளிராகவும் நீண்டால் இதற்குப் பூஞ்சணக்கொல்லி தேவைப்படலாம். ஆகவே மருந்து வாங்கும் முன் உருப்பெருக்கியில் அந்த உருண்டைகளைத் தேடுங்கள்.

நேர்கோடுகளாக, சக்கரத் தடமாக, காலடியாகச் செத்திருந்தால் குற்றவாளி மனிதர்தான். வளைந்து நெளிந்து ஓடும் குறுகிய பாதைகள் வயல் எலிகளின் வேலை. அவை மேலோட்டமானவை, வாரிவிட்டால் போதும். பாதையோரமாக மட்டும் கருகியிருந்தால் பனிக்கு எதிராகக் கொட்டிய உப்பு. சதுர மீட்டருக்குக் கால் கிலோ ஜிப்சம் போட்டு, வடிகால் நன்றாக இருக்கும் நாளில் நீரை நிறையப் பாய்ச்சி அடித்துச் செல்லவிடுங்கள்.

யாரையும் ஏற விடாத வாரங்கள்

உறைபனி படிந்த புல்லில் நடந்தால் இலைக்குள் இருக்கும் படிகங்கள் உயிரணுக்களைக் குத்திவிடும். காலடி முதலில் கருநீலமாகவும் பிறகு வைக்கோலாகவும் தெரியும். இது கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் இதற்குப் பயப்படுகிறார்கள். இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாது: மேலே 3 செ.மீ. இளகி, கீழே இன்னும் உறைந்திருக்கும் நாட்கள். அப்போது ஆளோ வண்டியோ ஏறினால் மேல்தட்டு கீழ்த்தட்டின் மேல் வழுக்கி, புதிய வேர்களை அறுத்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்து வெயில் அடிக்கும்போது அந்தக் கிரீன் திடீரென்று வாடும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்து அழுத்துங்கள். 15 செ.மீ. தடையின்றி இறங்கும் வரை அந்தக் கிரீன் மூடியே இருக்கட்டும். ஆட விரும்புபவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஃபேர்வேயின் நுனியில் தற்காலிகக் கிரீன் ஒன்றை வெட்டிக்கொடுத்துச் சமாளிக்கலாம்.

நீர்க்குழாய்களைத் திறப்பது

நிலம் குழாய் ஆழம் வரை இளகிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். குளிர்காலத்துக்கு முன் காற்றடித்துக் காலி செய்த குழாய்களில் இப்போது இருப்பது காற்று. பம்பை முழு வேகத்தில் ஓட்டினால் அந்தக் காற்று அமுங்கி, நீர் சுத்தியலாக மோதி, இணைப்புகளையும் ஸ்பிரிங்க்ளர் தலைகளையும் உடைத்துவிடும்.

1. வடிகால் வால்வுகள் எல்லாவற்றையும் மூடுங்கள். ஒன்று திறந்திருந்தாலும் பள்ளத்தில் குளம் கட்டும்.
2. பம்பிலிருந்து மிகத் தொலைவிலும் மிக உயரத்திலும் உள்ள திறப்புகளைத் திறந்து வையுங்கள்; காற்று வெளியேற வழி அதுதான்.
3. நீரை மெதுவாக விடுங்கள். குழாய்க்குள் வேகம் வினாடிக்கு 0.3 மீட்டர் அளவில் இருக்கட்டும், 0.6-ஐ ஒருபோதும் தாண்டக் கூடாது. 150 மி.மீ. குழாய்க்கு இது வினாடிக்குச் சுமார் 5 லிட்டர், 100 மி.மீ. குழாய்க்கு இரண்டரை லிட்டருக்குள்.
4. திறப்பில் சீறலும் துப்பலும் நின்று, நீர் சீராக வந்த பிறகே அதை மூடுங்கள். அடுத்த திறப்புக்குப் போங்கள்.
5. முழுதும் நிறைந்த பின் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஓர் இரவு விட்டு, காலையில் ஈரத் திட்டுகளைத் தேடுங்கள்.

ஒவ்வொரு தலையையும் ஓட்டிப் பாருங்கள். உறைந்து எழும்பிய மண் தலைகளைச் சாய்த்திருக்கும். சாய்ந்த தலை ஒரு பக்கம் குட்டையும் மறு பக்கம் பாலையும் உண்டாக்கும்; விதைத்த கிரீனில் இது உயிர்ப் பிரச்சினை. விதைக்கப்போகும் கிரீன்களில் 3 மீட்டருக்கு ஒன்றாக ஒரே அளவுள்ள டப்பாக்களை வைத்து 15 நிமிடம் நீர் விட்டு அளந்துவிடுங்கள். மிகக் குறைவாக நிறைந்த கால்வாசி டப்பாக்களின் சராசரி, மொத்தச் சராசரியில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதலில் நாசிலைச் சரிசெய்யுங்கள்.

சுத்தம், உருட்டல், முதல் வெட்டு

கிளைகள், இலைக்குப்பை, கற்களை அகற்றுங்கள். ஒரு சரளைக்கல் போதும், ரீல் வெட்டியின் (சுழலும் உருளைக் கத்தி கொண்ட புல்வெட்டி) பிளேடு வாய் போய்விடும். ஒட்டிக் கிடக்கும் புல்லை மூங்கில் விளக்குமாறு போன்ற மென்மையான ஒன்றால் நிமிர்த்துங்கள். இரும்பு வாருகோல் வேண்டாம்.

உறைந்து எழும்பிய புல்லுக்கு மண் நன்றாக வடிந்த பிறகு லேசான உருளை ஒரு முறை. ஈரமாக இருக்கும்போது உருட்டினால் சமன் ஆகாது, இறுகத்தான் செய்யும்.

முதல் வெட்டில் பேராசை வேண்டாம். கோடையில் 3 மி.மீ.-ல் வெட்டும் கிரீனை இப்போது 4.5 அல்லது 5 மி.மீ.-ல் தொடங்குங்கள். இலைப்பரப்புதான் புல்லுக்கு உணவு சமைக்கும் இடம். அடிபட்ட புல்லிடமிருந்து அதைப் பறித்தால் வேர் நின்றுவிடும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற விதி ஃபேர்வே, ரஃப் (ஓரங்களில் உயரமாக விடும் புல்) எல்லாவற்றுக்கும் பொருந்தும். உயரத்தை வாரத்துக்கு அரை மி.மீ. வீதம் இறக்கினால் போதும்.

விதைப்பு

பென்ட் விதைக்கு மண் வெப்பம் குறைந்தது 12, 13 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டும். அதற்கு முன் போட்டால் விதை உடனே கெட்டுவிடாது. ஆனால் முளைக்காமல் கிடக்கும், மழையில் ஓடும், பறவைகள் பொறுக்கும். சரியான வெப்பத்தில் பென்ட் 7 முதல் 14 நாளில் முளைக்கும். ரை 5 முதல் 10 நாளில். கென்டக்கி புளூகிராஸ் சாவகாசமாக 14 முதல் 28 நாளில்.

அளவுகள்: கிரீனில் பென்ட் சதுர மீட்டருக்கு 5 முதல் 8 கிராம். டீயிலும் ஃபேர்வேயிலும் ரை 25 முதல் 40 கிராம். புளூகிராஸ் 10 முதல் 15 கிராம். பென்ட் விதை தூசிபோல நுண்மையானது. ஒரு கிராமில் 13,000 விதைக்கு மேல் இருக்கும். 5 கிராம் என்றாலே சதுர செ.மீ.க்கு ஆறுக்கும் மேல். ‘கொஞ்சம் கூடவே போடுவோம்’ என்று 20 கிராம் போட்டால் நாற்றுகள் நெருக்கியடித்து, மெலிந்து, அழுகல் நோய்க்குச் சாப்பாடாகிவிடும்.

செத்த புல்லை முழுதும் சுரண்டி எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். அது மண்ணைப் பிடித்துவைக்கிறது, நாற்றுக்கு நிழலும் தருகிறது. மேலே ஒட்டிக் கிடப்பதை மட்டும் கிளறி எடுத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்:

1. குழி போடும் விதைப்புக் கருவியாலோ ஸ்பைக்கர் என்ற முள் உருளையாலோ 5 முதல் 8 மி.மீ. ஆழமுள்ள நெருக்கமான சிறு குழிகளை இரண்டு அல்லது மூன்று திசைகளில் போடுங்கள். குழிக்குள் முளைக்கும் நாற்றின் குருத்தடி மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். காலடியும் பிளேடும் வறட்சியும் அதை எளிதில் தொடாது. மேற்பரப்பில் வெறுமனே தூவிய விதையில் முளைத்தவை முதல் வெட்டிலேயே காணாமல் போவதற்குக் காரணம் இந்தப் பாதுகாப்பு இல்லாததுதான்.
2. விதையை இரண்டாகப் பிரியுங்கள். உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் போடுங்கள். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 6 கிராம் வீதம் மொத்தம் 3 கிலோ. ஒரு திசைக்கு ஒன்றரைக் கிலோ.
3. மேலே 1 மி.மீ. மணல், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 6 மி.மீ.க்குக் கீழே புதைந்த பென்ட் விதை மேலே வராது.
4. தொடக்க உரம் போட்டு, லேசாக உருட்டி, விதையை மண்ணோடு ஒட்டவையுங்கள்.
5. காற்றும் நீரும் புகும் வகைப் போர்வையால் மூடுங்கள். அடியில் மண் சில டிகிரி கூடுதலாகச் சூடாகும்; குளிர் வசந்தத்தில் இது பல நாட்களை மிச்சப்படுத்தும்.
6. நீர் நாளுக்கு 4 முதல் 6 முறை, ஒவ்வொரு முறையும் 2, 3 நிமிடம். மேற்பரப்பு ஈரமாக இருக்க வேண்டும், குட்டை கட்டக் கூடாது. முளைத்தபின் முறைகளைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுங்கள்.

போர்வையைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். வெப்பமானியை உள்ளே வையுங்கள். அடியில் 25 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பகலில் எடுத்துவிடுங்கள். நாற்று நீண்டு, வெளிறி, சாய்ந்தால் போர்வை அளவுக்கு மேல் கிடந்துவிட்டது என்று பொருள். வெள்ளை நூல் படர்ந்திருந்தால் பூஞ்சணம் வந்துவிட்டது. உடனே திறந்து காற்றாட விடுங்கள்.

நாற்று 8 முதல் 10 மி.மீ. உயரம் வந்ததும் முதல் வெட்டு, 6 அல்லது 7 மி.மீ.-ல். நடந்து தள்ளும் வெட்டி, புதிதாகச் சாணை பிடித்த ரீல், காய்ந்த மதிய நேரம். திரும்புவதைக் கிரீனுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கிரீன்மேல் திருப்பினால் சக்கரம் நாற்றைத் திருகி எடுத்துவிடும்.

விதைத்த கிரீன் ஆட்டத்துக்கு வர எட்டு வாரமாவது ஆகும். குறைவாகச் சொல்லி நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வெற்றிடத்தில் மண்ணிலேயே கிடக்கும் போவா விதைகளும் போட்டிக்கு முளைக்கும். ஆனால் போவா செத்த கிரீன் பென்ட்டுக்குக் கிடைத்த அரிய இடம். நல்ல ரக விதைக்குச் செலவு செய்ய இதைவிடப் பொருத்தமான வேளை வராது.

பாளம், செருகு கட்டி

சிறு திட்டுகளுக்கு விதை வேண்டாம். கப் கட்டரால் செத்த கட்டியை எடுத்து, நாற்றங்கால் கிரீனிலிருந்து (மாற்றுப் புல்லுக்காகத் தனியே வளர்க்கும் கிரீன்) எடுத்த நல்ல கட்டியை வையுங்கள். சுற்றுப்புறத்தைவிட ஓர் இழை தாழ்வாக நிற்கட்டும். உயர்ந்து நின்றால் வெட்டி அதன் தலையைச் சீவிவிடும்.

பெரிய பரப்புக்குப் பாளம். 15 முதல் 20 மி.மீ. கனம் போதும். பாளம் வளர்ந்த மண்ணும் கிரீனின் மண்ணும் ஒரே வகையாக இருக்க வேண்டும். மணல் கிரீன்மேல் களிமண்ணில் வளர்ந்த பாளத்தைப் பதித்தால் நீர் இரண்டுக்கும் நடுவே தேங்கி நிற்கும், வேர் கீழே இறங்காது.

உரம்

குளிர்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் உறக்கத்தில் இருப்பதால் இயற்கை உரங்களும் மெதுவாகக் கரையும் உரங்களும் அப்போதைக்குப் பயன்தராது. அம்மோனியம் சல்ஃபேட் போல உடனே கிடைக்கும் தழைச்சத்து வேண்டும். விதைத்த இடத்துக்கு மணிச்சத்து மிகுந்த தொடக்க உரம், தழைச்சத்துக் கணக்கில் சதுர மீட்டருக்கு 2.5 கிராம். 500 சதுர மீட்டருக்கு 1,250 கிராம் தழைச்சத்து. 12-24-8 உரம் (முதல் எண்ணான 12 தழைச்சத்தின் சதவீதம்) என்றால் சுமார் பத்தரைக் கிலோ. மணிச்சத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு உள்ள இடங்களில் புது விதைப்புக்கு விலக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் வாரம் ஒருமுறை இலைவழியாகச் சிறு அளவு: சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் தழைச்சத்து. ஒரு கிராம் வீதம் 500 சதுர மீட்டருக்கு யூரியா 1.1 கிலோ, 40 முதல் 50 லிட்டர் நீரில் கரைத்துத் தெளியுங்கள். பச்சையாக வரட்டும் என்று ஒரே தடவையில் அள்ளிப் போட்டால் இலை பாயும், வேர் தங்கிவிடும். கோடை வந்ததும் அதன் பலன் தெரியும்.

களைக்கொல்லியில் ஒரு கண்ணி

கிராப்கிராஸ் போன்ற களைகள் மண் 13 டிகிரியில் சில நாள் தொடர்ந்து நின்றால் முளைக்கத் தொடங்கும். அதற்குமுன் முளைதடுப்பு மருந்து அடிப்பது வழக்கம். பென்ட் விதைப்புக்கு உகந்த வெப்பமும் அதேதான் என்பதைக் கவனியுங்கள். புரோடயமைன், பெண்டிமெத்தலின், டைத்தியோபிர் போன்றவை உங்கள் விதைக்கும் களை விதைக்கும் வேறுபாடு பார்க்காது. விதைத்த இடத்தில் அடிக்காதீர்கள். அடித்த இடத்தில் மாதக்கணக்கில் விதைக்காதீர்கள். எத்தனை மாதம் என்பது மருந்துப் புட்டியின் சீட்டில் இருக்கும். வரைபடத்தில் விதைத்த பரப்பை வண்ணமிட்டு, மருந்து அடிப்பவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. வளர்ச்சியை அடக்கும் மருந்துகளையும் புல் முழுதாக மூடும் வரை அடிபட்ட கிரீனில் தவிர்க்கலாம்.

துளையிடலும் மணலும்

நலமாக உள்ள கிரீன்களில், புல் சுறுசுறுப்பாக வளரத் தொடங்கியதும் குழல் டைன் (மண்ணைக் குழலாக வெளியே எடுக்கும் உள்ளீடற்ற முள்) கொண்டு துளையிடலாம். 12 மி.மீ. டைன், 5 செ.மீ. இடைவெளி, 8 செ.மீ. ஆழம் என்று வையுங்கள். இது மேற்பரப்பில் நாலரை சதவீதத்தைத் திறக்கும். அந்தத் துளைகளை நிரப்பச் சதுர மீட்டருக்கு 3.6 லிட்டர் மணல். 500 சதுர மீட்டருக்கு 1.8 கனமீட்டர், ஏறக்குறைய மூன்று டன். லாரி வருவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போடுங்கள். பாதி நிரம்பிய துளைகள் கோடை முழுக்கப் பந்தை ஆட்டிப்படைக்கும்.

மணல், கிரீனில் ஏற்கெனவே உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். யு.எஸ்.ஜி.ஏ. (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) கிரீன்களுக்கான அளவின்படி குறைந்தது 60 சதவீதத் துகள்கள் 0.25 முதல் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மலிவு என்று நுண்மணல் வாங்கினால் அடுக்குகள் உண்டாகி நீர் நின்றுவிடும்.

அடிபட்ட கிரீனில் குழல் டைன் இப்போது வேண்டாம். 6 மி.மீ. கம்பி டைனால் காற்றுக்கு மட்டும் வழி செய்யுங்கள்.

பெர்முடா உள்ளவர்களுக்கு

பெர்முடா நன்றாகப் பச்சைக்கு வர 10 செ.மீ. ஆழத்தில் மண் 18 டிகிரி தொட வேண்டும். அதற்குமுன் தழைச்சத்தைக் கொட்டித் தட்டி எழுப்பினால், பின்பனி ஒன்று வந்து புதுத்தளிரைக் கருக்கிவிடும். புல் தன் சேமிப்பிலிருந்து இரண்டாவது முறை எழ வேண்டியிருக்கும். கட்டிச் சோதனை இதற்கும் அப்படியே பொருந்தும். வட்டமாகச் செத்து நிற்கும் திட்டுகள் வசந்தச் சாவுப் பூஞ்சணமாக இருக்கலாம். அவை ஓரங்களிலிருந்து ஓடுகொடிகள் வழியே மெல்லத்தான் மூடும். துளையிடல், ஆழ வெட்டல் எல்லாம் முழுப் பச்சைக்குப் பின்.

திறப்பது

ஒரு கிரீனைத் திறக்கலாமா என்பதற்கு மூன்று சோதனை. கப் கட்டரால் ஒரு கட்டி எடுத்தால் வெள்ளை வேர் 5 செ.மீ.க்காவது தெரிய வேண்டும். நாற்றுகளை விரலால் இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது. நின்று கீழே பார்த்தால் மண்ணைவிடப் புல் தெளிவாக அதிகமாகத் தெரிய வேண்டும்; பத்தில் ஒன்பது பங்கு மூடியிருந்தால் நல்லது.

திறந்த முதல் மாதத்தில் குழியைத் தினமும் மாற்றுங்கள், விதைத்த திட்டுகளிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். கிரீனுக்கு ஏறும் பாதை ஒன்றாகவே இருந்தால் கயிறு கட்டி வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஓரத்தைச் சுற்றி வெட்டும் கடைசிச் சுற்றை இரண்டு நாளுக்கு ஒருமுறையாகக் குறையுங்கள். நாற்றுகள் மிகுதியாகத் தேய்வது அந்த வளையத்தில்தான்.